மின்னஞ்சலில் வந்த குரல் ஒலிக்கவில்லையா? அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

எங்களுடைய வீடுகளில் ஒலிப்பதிவு என்பது பாட்டுக் கேட்பதற்கு மட்டுமான பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாடு சென்றவர்கள் கசற்றில் பேசி அனுப்பினார்கள். இங்கிருந்த தாய் தகப்பனும் கசற்றில் பேசித்தான் பதில் அனுப்பினார்கள். பின்னர் கைத்தொலைபேசி வந்தது. போரின் கடைசி மாதங்களில் வந்த அழைப்புகளைப் பதிந்து வைத்த உறவினர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஆணைக்குழுக்களின் முன் தாய்மார் சொன்னவற்றைப் பதிந்து வைத்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பதிவுகள் இப்போது மின்னஞ்சல் இணைப்புகளாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கணினியும் கைத்தொலைபேசியும் திருத்துகிற வேலையில் இருப்பதால், ஒலிக்காத பதிவுகளோடு என்னிடம் வருபவர்கள் பலர். வருபவர்களில் பாதிப்பேர் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, இது பழுதாப் போச்சு போல, அழிச்சுவிடட்டோ?" வேண்டாம் என்பதே எனது முதல் பதில். ஒலிக்காத கோப்பு பெரும்பாலும் பழுதான கோப்பு அல்ல. குரல் உள்ளே அப்படியே இருக்கும். அதை வாசித்துக் காட்டும் கருவிதான் அதைப் புரிந்துகொள்ளாமல் நிற்கும். கருவியை மாற்றலாம், அழித்த குரலைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே எதையும் அழிக்காமல், கீழே உள்ள ஒழுங்கில் ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள்.

முதலில், சத்தம் வெளியே வருகிறதா?

இணைப்பைச் சந்தேகிக்கும் முன் கணினியைப் பாருங்கள். அதே உலாவியில் வேறொரு காணொளியை ஓடவிடுங்கள். அதிலும் சத்தம் இல்லையென்றால் மின்னஞ்சலில் குறையில்லை. குரோம் போன்ற உலாவிகளில் மேலே உள்ள தாவலை வலது பக்கச் சொடுக்கினால், அந்தத் தளத்தின் ஒலியை நிறுத்தவும் திரும்பத் தரவும் ஒரு தெரிவு உண்டு. அது தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கலாம். புளூடூத் ஹெட்போன் பக்கத்து அறையில் இணைந்தபடி கிடந்தால் சத்தம் அங்கேதான் போகும். பதிவின் நேரக்கோடு நகர்கிறது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இந்த வகையானதுதான். நேரக்கோடே நகரவில்லை என்றால் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

உலாவிக்குள் கேட்காதீர்கள், தரவிறக்கிக் கேளுங்கள்

ஜிமெயில், யாகூ, அவுட்லுக் போன்றவற்றை உலாவியில் திறந்து இணைப்பை அழுத்தும்போது, அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறிய ஒலிப்பான் திறக்கிறது. அது எல்லா வகைக் கோப்புகளையும் வாசிக்கும் என்று நினைக்க வேண்டாம். உலாவிக்குத் தெரிந்த சில வகைகளை மட்டுமே அது வாசிக்கும். இணைய வேகம் குறைந்த இடத்தில், தெரிந்த வகையும் பாதியில் நின்றுவிடும். "முன்னோட்டம் காட்ட முடியவில்லை" என்ற அறிவித்தலின் பொருள் அவ்வளவுதான். கோப்பு கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை.

எனவே இணைப்பின் மேல் தெரியும் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்திக் கணினிக்குத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பின்னர் வி.எல்.சி என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். பிரான்சைச் சேர்ந்த வீடியோலான் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. கணினிக்கும் அன்ட்ரொய்ட், ஐபோன் கைத்தொலைபேசிகளுக்கும் உண்டு. பழைய தொலைபேசிகளின் பதிவுகள் உட்பட அநேகமான ஒலி வகைகளை இது வேறு எதன் உதவியும் இல்லாமல் வாசிக்கும். இதை வீடியோலானின் சொந்த இணையத்தளத்திலோ தொலைபேசியின் செயலிக் களஞ்சியத்திலோ மட்டும் எடுங்கள். இதே பெயரில் வேறு தளங்கள் கொடுக்கும் பிரதிகளுக்குள் வேண்டாத நிரல்கள் ஒளிந்திருக்கலாம்.

என்னிடம் வருகிற பதிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே பேசத் தொடங்கிவிடுகின்றன.

கோப்பின் அளவைப் பாருங்கள்

வி.எல்.சியிலும் ஒலிக்காவிட்டால், தரவிறக்கிய கோப்பை வலது பக்கச் சொடுக்கி அதன் அளவைப் பாருங்கள். சுழியம் என்று இருந்தால் கோப்பு வந்து சேரவேயில்லை. 10 நிமிடப் பதிவு என்று சொல்லப்பட்டது சில கிலோபைட் மட்டுமே இருந்தால் பாதியில் அறுந்திருக்கும், அல்லது ஒலிக்குப் பதிலாக ஒரு வெறும் இணையப் பக்கம் இறங்கியிருக்கும். இன்னொரு முறை தரவிறக்குங்கள். அப்போதும் அப்படியே என்றால் அனுப்பியவரைக் கேளுங்கள்: "உங்களிடம் இருக்கும் கோப்பின் அளவு எவ்வளவு?" இரண்டு அளவுகளும் சரியாக ஒத்துப்போனால் பயணத்தில் எதுவும் இழக்கப்படவில்லை என்று கொள்ளலாம்.

எவ்வளவு அளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். பழைய நொக்கியா போன்ற தொலைபேசிகளின் குரல் பதிவு ஒரு நிமிடத்துக்கு 100 கிலோபைட்டுக்கும் குறைவு. வட்ஸ்அப் குரல் செய்தியும் சிறியதுதான். சுருக்கப்படாத வேவ் வகைப் பதிவு, இசைத்தட்டின் தரத்தில், ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட். ஆகவே ஐந்து நிமிடப் பழைய தொலைபேசிப் பதிவு அரை மெகாபைட்டுக்கும் குறைவாக இருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதன் இயல்பான அளவே அதுதான்.

பெயரின் கடைசி எழுத்துகள் சொல்வது என்ன?

கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துகள் அது எந்த வகை என்று சொல்லும். எங்களுடைய மக்களிடம் அதிகம் இருக்கும் வகைகள் இவை.

ஏ.எம்.ஆர்: 2000களின் தொலைபேசிகள் குரலைப் பதிந்த வகை. தொலைபேசி உரையாடலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அந்தக் காலத் தொலைபேசிகளின் சிறிய நினைவகத்துக்குள் அடங்குவதற்காகக் குரலை மிகவும் சுருக்கி வைக்கிறது. இன்றைய உலாவிகள் இதை வாசிப்பதில்லை. விண்டோஸின் சாதாரண ஒலிப்பானும் பெரும்பாலும் வாசிக்காது. வி.எல்.சி வாசிக்கும். போர்க்காலத்துப் பதிவு ஒன்று ஒலிக்கவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

த்ரீ.ஜி.பி: அதே காலத் தொலைபேசிகளின் காணொளி வகை. சில தொலைபேசிகள் குரலை மட்டும் பதிந்தபோதும் இந்தப் பெயரைக் கொடுத்தன. உள்ளே இருக்கும் ஒலி பெரும்பாலும் ஏ.எம்.ஆர்தான். அதனால் படம் தெரிந்து குரல் கேட்காமல் போகலாம். அதற்கும் வி.எல்.சியே வழி.

ஓபஸ்: வட்ஸ்அப் குரல் செய்திகளின் வகை. 2012இல் தரநிலையாக்கப்பட்டது. வட்ஸ்அப்பிலிருந்து மின்னஞ்சலுக்கு அனுப்பும்போது இந்தப் பெயரோடுதான் வரும். விண்டோஸ் கணினி இதை எதனால் திறப்பது என்று தெரியாமல் நிற்கும். வி.எல்.சி இல்லாத இடத்தில், ஒரு பிரதியை எடுத்து அதன் கடைசி எழுத்துகளை ஓ.ஜி.ஜி என்று மாற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் உறை அதே வகை என்பதால் பல ஒலிப்பான்கள் அதன் பிறகு வாசிக்கும். அப்பிளின் சபாரி உலாவி நீண்ட காலம் இந்த உறையை ஏற்காமல் இருந்தது. பழைய ஐபோனிலோ ஐபாட்டிலோ கேட்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

எம்.4.ஏ: ஐபோனின் குரல் பதிவுச் செயலி தரும் வகை. பெரும்பாலும் எங்கும் ஒலிக்கும். ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. இதன் அட்டவணை வழமையாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. பதிந்துகொண்டிருக்கும்போது பட்டரி இறங்கித் தொலைபேசி நின்றுவிட்டால், குரல் உள்ளே இருந்தும் அட்டவணை இல்லாததால் கோப்பு திறக்காது. இதையும் அழிக்காதீர்கள். அதே தொலைபேசியில் எடுத்த நல்ல பதிவு ஒன்றை மாதிரியாக வைத்து, அறுந்த கோப்பை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஏ.எம்.ஆர் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அறுந்த இடம்வரை அது பேசும்.

டபிள்யூ.எம்.ஏ, டி.எஸ்.எஸ்: கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகளில் செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் எடுத்த பதிவுகளில் காணப்படுபவை. உலாவியில் இவை ஒலிக்காது. முதலாவதை வி.எல்.சி வாசிக்கும். இரண்டாவதற்கு வி.எல்.சி போதாமல் போனால் அந்தக் கருவியைத் தயாரித்தவர்களின் மென்பொருள் தேவைப்படலாம்.

பெயரே சிதைந்து வந்தால்

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்து அனுப்பும்போது, சில பழைய மின்னஞ்சல் மென்பொருள்கள் அந்தப் பெயரைச் சரியாகக் கொண்டுசெல்வதில்லை. வந்து சேரும்போது சமக்குறியும் கேள்விக்குறியும் கலந்த நீண்ட எழுத்துக் குவியலாக, அல்லது பெயரற்ற கோப்பாக இருக்கும். கடைசி எழுத்துகளும் தொலைந்திருக்கும். உள்ளடக்கத்துக்கு ஒன்றும் நேர்ந்திராது. எந்தத் தொலைபேசியில் எடுத்தது என்று அனுப்பியவரைக் கேட்டு, பிரதி ஒன்றுக்குச் சரியான கடைசி எழுத்துகளைக் கொடுத்தால் திறந்துகொள்ளும். எந்தத் தொலைபேசி என்று யாருக்கும் தெரியாவிட்டால் வி.எல்.சிக்குள் கோப்பை அப்படியே இழுத்துவிடுங்கள். அது பெயரை மட்டும் நம்பாமல் உள்ளடக்கத்தையும் பார்க்கும்.

சில வேளைகளில் ஒலிப்பதிவுக்குப் பதிலாக "வின்மெயில்" என்று தொடங்கும் ஒரு கோப்பு வரும். அனுப்பியவர் அலுவலகக் கணினியின் அவுட்லுக் மென்பொருளில் ரிச் டெக்ஸ்ட் என்ற வடிவில் எழுதியிருப்பதே காரணம். பதிவு அந்தக் கோப்புக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எச்.டி.எம்.எல் வடிவில் மறுபடி அனுப்பச் சொன்னால் போதும். கடிதம் முழுவதையும் ஓர் இணைப்பாக முன்னனுப்பினால் ஈ.எம்.எல் என்று முடியும் கோப்பு வரும். தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருளில் அதைத் திறந்தால் உள்ளே ஒலிப்பதிவு இருக்கும்.

இணைப்பு அல்ல, சுட்டி மட்டுமே வந்தால்

ஜிமெயிலில் 25 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை இணைக்க முடியாது. மேற்பட்டால் அது தானாகவே கூகுள் ட்ரைவுக்குப் போய், கடிதத்தில் ஒரு சுட்டி மட்டும் வரும். மின்னஞ்சலில் அனுப்பும்போது கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடுவதால், 20 மெகாபைட்டை எட்டும் கோப்பையே சில சேவைகள் திருப்பி அனுப்பிவிடும். சுட்டியை அழுத்தும்போது "அனுமதி தேவை" என்று வந்தால் அனுப்பியவர் உங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுமதி தரும்படி கேளுங்கள். சாட்சியம் அடங்கிய பதிவுக்கு, சுட்டி வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்ற தெரிவை வைக்க வேண்டாம். சுட்டி ஒரு பொருளல்ல, பொருள் இருக்கும் இடத்துக்கான வழி மட்டுமே. அவர் தன் பக்கத்தில் அழித்தால் உங்களிடமும் இருக்காது. அனுமதி கிடைத்தவுடன் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவு போல வரும் பொறிகள்

ஒலிக்காத இணைப்பு சில வேளைகளில் ஒலிப்பதிவே அல்ல. "உங்களுக்கு ஒரு குரல் செய்தி வந்துள்ளது" என்று தெரியாத முகவரியிலிருந்து கடிதம் வரும். இணைப்பை அழுத்தினால் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கம் திறக்கும். ஒலிப்பதிவுக் கோப்பு எந்தக் காலத்திலும் கடவுச்சொல் கேட்காது. கேட்டால் மூடிவிடுங்கள். பெயரின் நடுவில் எம்.பி.3 என்றும் முடிவில் ஈ.எக்ஸ்.ஈ அல்லது எச்.டி.எம்.எல் என்றும் இருந்தால் அது கேட்பதற்கான கோப்பு அல்ல. விண்டோஸ் வழமையாகக் கடைசி எழுத்துகளை மறைத்துவைக்கிறது. போல்டரின் "வியூ" பகுதியில் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தெரிவுசெய்து அவை தெரியும்படி வையுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு, அவர்களின் குரல் என்று சொல்லி எது வந்தாலும் கை தானாகவே அழுத்தும். அதனால்தான் எங்களுடைய மக்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தெரிந்தவரின் பெயரில் வந்தாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டு உறுதிசெய்துவிட்டுத் திறவுங்கள்.

வகையை மாற்றலாம், மூலத்தைத் தொடாதீர்கள்

வயதான தாய் ஒருவர் தன் தொலைபேசியிலேயே கேட்க வேண்டும் என்றால் எம்.பி.3 வகைக்கு மாற்றிக் கொடுப்பது நல்லது. கணினியில் உள்ள வி.எல்.சியில் "மீடியா", பின்னர் "கன்வேர்ட் / சேவ்" என்பதற்குச் சென்று, கோப்பைச் சேர்த்து, எம்.பி.3 என்பதைத் தெரிவுசெய்து, புதிய பெயர் கொடுத்துத் தொடங்கினால் ஆயிற்று. இணையத்தில் இலவசமாக மாற்றித்தரும் தளங்கள் ஏராளம். சாட்சியமோ குடும்பத்தின் அந்தரங்கமோ உள்ள பதிவை அவற்றில் ஏற்றாதீர்கள். அது யாருடைய கணினியில் எவ்வளவு காலம் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

மாற்றுவதால் குரல் தெளிவடையாது. பதியும்போது இழந்ததை எந்த வகையும் திருப்பித் தராது. மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இழக்கப்படலாம். ஒலிபெருக்கியில் ஓடவிட்டு இன்னொரு தொலைபேசியில் பதிவதைச் சிலர் செய்கிறார்கள். அதில் இழப்பு மிக அதிகம். ஆகவே மூலக்கோப்பு, வந்த பெயரோடும் வந்த வகையிலும், ஒரு தனிப் போல்டரில் இருக்கட்டும். கேட்பதும் வெட்டுவதும் இரைச்சல் குறைப்பதும் பிரதியில் மட்டும் நடக்கட்டும்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவம் நிகழும் வேளையிலேயே எடுக்கப்பட்ட ஒலிப்பதிவைச் சான்றாக முன்வைக்க இடமளிக்கிறது. பதிவு மாற்றப்படவோ திரிக்கப்படவோ இல்லை என்பதை, அல்லது அதற்கு இடமில்லாதபடி அது பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தது என்பதை அந்தச் சட்டம் எதிர்பார்க்கிறது. உங்கள் பதிவு அந்த வரையறைக்குள் வருமா என்பதைச் சட்டத்தரணி ஒருவரே சொல்ல வேண்டும். ஆனால் மூலக்கோப்பு இல்லாமல் அவரிடம் போனால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு, 2016இன் சட்டத்தின்கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்திலும் எங்களுடைய மக்கள் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இனியொரு முறை கேட்கப்படும்போது கையில் இருப்பது பிரதியின் பிரதியாக இருக்கக்கூடாது.

கோப்போடு கடிதத்தையும் காப்பாற்றுங்கள். யார், எந்தத் தேதியில், யாருக்கு அனுப்பினார் என்ற விபரம் கடிதத்தில்தான் இருக்கிறது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, கடிதத்தின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் கடிதம் முழுவதையும் இணைப்போடு சேர்த்துத் தரவிறக்கும் தெரிவு வரும். அதையும் அதே போல்டரில் வையுங்கள்.

மின்னஞ்சல் பெட்டி ஒரு பெட்டகம் அல்ல

"எல்லாம் ஜிமெயிலில் கிடக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, அவற்றில் உள்ள கடிதங்களோடு சேர்த்து நீக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அவ்வாறு நீக்குவதை அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து தொடங்குவதாகவும் கூறியது. யாகூவில் இந்தக் காலம் 12 மாதங்கள் மட்டுமே. மனிக்பாமிலிருந்து வெளியே வந்த காலத்தில் திறந்து, பிறகு கைவிட்ட கணக்கு ஏதாவது உங்களுக்கு இருந்தால் இன்றே உள்நுழைந்து பாருங்கள். உள்ளே போக முடிந்தால் ஒலிப்பதிவுகளை முதலில் தரவிறக்குங்கள், மற்றவை பிறகு. குப்பைப் பெட்டிக்குப் போன ஜிமெயில் கடிதம் 30 நாட்களில் நிரந்தரமாக அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிவு ஒன்று குறைந்தது மூன்று இடங்களில் இருக்க வேண்டும்: வீட்டுக் கணினியில், தனியாக வைத்திருக்கும் பென் டிரைவ் ஒன்றில், வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ உள்ள நம்பிக்கையான ஒருவரிடம். வீட்டை விட்டு ஒரே இரவில் ஓடியவர்களுக்கு மூன்றாவது இடம் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

நீங்கள் அனுப்பும்போது

கோப்புக்கு ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் சிறிய பெயர் வையுங்கள். தேதி பெயரில் இருக்கட்டும். கடிதத்தின் உள்ளே, யார் பேசுகிறார், எப்போது, எந்தத் தொலைபேசியில் பதிந்தது, எத்தனை நிமிடம், கோப்பின் அளவு எவ்வளவு என்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். இந்த ஐந்து விபரங்களும் இருந்தால் பெறுபவர் பிழையைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்களே ஆகும். கேட்பதற்கு எம்.பி.3 பிரதி ஒன்றையும், வைத்திருப்பதற்கு மூலக்கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் "டொகியுமென்ட்" என்ற தெரிவில் அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போகும்.

அனுப்பிய பிறகு ஒரு அழைப்பு எடுத்து, முழுவதும் கேட்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு "வந்துவிட்டது" என்று சொல்பவர்கள் அதிகம். அவர்கள் கடைசி நிமிடத்தையும் கேட்டுச் சொல்லும்வரை உங்களிடம் இருப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.